வலது கைக்கு வாங்கிய மவுஸ்

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. காலையில்தான் போனில் பேசினோம். அங்கே தண்ணீர் லாரி வந்ததா என்று நான் கேட்டேன், வந்தது என்றாய். கடையில் கூட்டமா என்று நீ கேட்டாய், பரவாயில்லை என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. போன புதன்கிழமையிலிருந்து நாம் தண்ணீர் லாரியையும் கடைக் கூட்டத்தையும் வைத்தே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். போனில் வராதது எழுத்தில் வருகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடை பில்லைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழகாத ஆள் நான். கோணல்மாணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை உன் அறை வாசலில் வந்து நின்றபோது நான் பார்த்துவிட்டேன். உன் இடது கை மவுஸின் மேல் இருந்தது. என்னைக் கண்டதும் சூடு பட்ட மாதிரி அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாய். கல்யாணம் ஆனவன், தனிக்குடித்தனம் போனவன், ஆபீசில் நாலு பேருக்கு வேலை சொல்கிறவன், அப்பனைக் கண்டதும் கையை ஒளித்தாய். உனக்கு வெட்கம் வர வேண்டிய விஷயமே இதில் இல்லை. வெட்கம் முழுக்க என்னுடையது. ஒரு வாரமாக அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் அலைகிறேன், இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கீபோர்டையும் மவுஸையும் நான் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெருங்குடி வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்ததும், பாத்திரம் பண்டம், குத்துவிளக்கு எல்லாம் உன் அம்மா கணக்கில் போய்விட்டது. என் பங்குக்கு நீ தினமும் தொடுகிற பொருளாக ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது உன் பழைய கீபோர்டைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது, அதிலும் வலது ஓரத்தில் இருக்கும் நம்பர் பக்கம் ரொம்ப மோசம். கணக்கு வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். மவுஸின் ரப்பர் உரிந்து பிசுபிசு என்று இருந்தது. சம்பாதிக்கிற பிள்ளை இதை வைத்துக்கொண்டு மாரடிக்கிறானே என்று வருத்தமாக இருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் சொல்லாமல் வாங்கிக் கொடுத்து அசத்த வேண்டும் என்று நினைத்தேன். தவிரவும், என் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று நான் போய்க் கேட்பதா? கடை வாசலில் ஒரு ஆள் செருப்பைக் கழற்றும்போதே அவர் சட்டை நாற்பதா நாற்பத்திரண்டா என்று சொல்கிறவன் நான். தி.நகரில் அந்தச் சந்துக்குள் இத்தனை கடை இருந்தும் நம் கடைக்குத் தேடி வருகிறார்கள் என்றால் அதனால்தான். இந்தக் கர்வத்தோடுதான் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன்.

அங்கே ஒரு கடையில் தாடி வைத்த ஒருத்தர் என்னை உட்கார வைத்து, "இன்னா யூஸுக்கு சார்? கேமிங்கா, ஆபீஸ் வேலையா?" என்றார்.

"ரெண்டுக்கும்தான். பகல்ல வீட்டுலருந்து ஆபீஸ் வேலை, சாயங்காலம் சிநேகிதப் பசங்களோட சுடுற விளையாட்டு."

"அப்போ மெக்கானிக்கல்ல போய்டுங்க. சவுண்டு வேணுமா, வேணாமா?"

சத்தம் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்களாம். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு குமிழ் இருக்கிறது. அதற்கு நிறம் வைத்து ரகம் பிரித்திருக்கிறார்கள். நீலம் என்றால் டக் டக் என்று கத்தும், சிவப்பு என்றால் சத்தம் காட்டாமல் இறங்கும். துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் மருமகள் தூங்குவாள் என்று சிவப்பைச் சொன்னேன். வயர் இல்லாத ரகம் பார்வைக்கு அழகாக இருந்தது, ஆனால் ஆட்டம் சூடு பிடித்திருக்கும்போது சார்ஜ் தீர்ந்து நீ திட்டுவாயே என்று வயர் வைத்ததையே எடுத்தேன். நம்பர் பக்கம் இல்லாத குட்டையான கீபோர்டைக் காட்டி, "கேம் ஆடுறவங்கல்லாம் இதான் சார் கேக்குறாங்க, மவுஸ் ஓட எடம் கெடைக்கும்" என்றார். நம்பர்தான் மேல் வரிசையிலேயே இருக்கிறதே என்று அதற்கும் தலையாட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மவுஸுக்கு வந்தபோதுதான் அவர் உன்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். கை என்ன சைஸ் என்றார். "நாற்பத்திரண்டு, முழுக்கை இருபத்தஞ்சு இஞ்ச்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சட்டைக்கு இல்ல சார், மவுஸ் புடிக்கிற கைக்கு. உள்ளங்கைய ஃபுல்லா வெச்சிப் புடிப்பாரா, வெரல் நுனில புடிப்பாரா?" எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் ஒரே வீட்டில் நீ அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், ஒரு நாளும் உன் கையைப் பார்த்ததில்லை. நல்லாத்தான் பிடிப்பான் என்று மழுப்பினேன். அவர் கட்டைவிரல் வைக்கக் குழிவு இருக்கிற, பக்கவாட்டில் பொத்தான் வைத்த ஒன்றை எடுத்தார். "ரைட் ஹேண்டுதான?" என்று போகிற போக்கில் கேட்டார்.

"ரைட்டுதான்," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "சின்னதுல லெஃப்டா இருந்தான். நான்தான் மாத்திவிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்போ?"

"இப்போ சுத்தமா ரைட்டு."

அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது, தம்பி. எழுதும்போது அதுதான் காதில் கேட்கிறது. முகம் தெரியாத ஒருத்தரிடம், உன்னை வளைத்ததை என் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிக்கொண்டேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

பால் காய்ச்சிய அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் என்ன செய்தேன் என்பதை என் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெட்டியை உன் கையில் கொடுத்து, இப்போதே மாட்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்றேன். நீ மாட்டினாய். மவுஸை வலது பக்கம் வைத்து, வலது கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டி, "சூப்பர்ப்பா" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தியைக் கூப்பிட்டு, "இந்தக் கை சும்மா வந்த கை இல்ல சம்பந்தி, நான் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த கை" என்று அந்தச் சட்டைக் கதையை எடுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நித்யா மட்டும் சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புதுப் பெண்ணுக்குக் கூச்சம் என்று நினைத்தேன்.

அந்தக் கதையை நான் எத்தனை கல்யாணத்தில், எத்தனை காதுகுத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. உனக்கு நாலு வயசு. எதை எடுத்தாலும் இடது கை. கையைத் தட்டிவிட்டேன், மிரட்டினேன், கேட்கவில்லை. கடைசியில் நம் கடை டெய்லரிடம் சொல்லி, வீட்டில் போட உனக்குச் சில சட்டை தைக்கச் சொன்னேன். வலது கை சாதாரணமாக இருக்கும். இடது கை மட்டும் விரலைத் தாண்டி நீளமாக, முனையை மூடித் தைத்திருக்கும். கைக்கு உறை போட்ட மாதிரி. டெய்லர் தயங்கினார், "புள்ளைக்கு வேர்க்கும் முதலாளி" என்றார். நான்தான் காட்டன் துணியாகக் கொடுத்து அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடம் சேருகிற வரைக்கும் வீட்டில் நீ அந்தச் சட்டையில்தான் இருந்தாய். உறைக்குள் விரலை வைத்துக்கொண்டே பந்தைப் பிடிக்கப் பார்த்து அது நழுவி நழுவி ஓடும். நாங்கள் சிரிப்போம். மற்றவர்களுக்கு அந்த இடத்தைத்தான் நடித்துக் காட்டுவேன். பந்து நழுவுகிறபோது உன் முகம் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். வரவில்லை. நான் பந்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், கடைக்காரன் வீட்டுப் பிள்ளை கொடுக்கிற கை சரியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். காலையில் கடை திறந்து முதல் போணி ஆகும்போது சாமானை வலது கையால் கொடுத்து, காசை வலது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றுகிற பழக்கத்தில் வளர்ந்தவன் நான். பீச்சாங்கையால் நீட்டினால் வந்தவர் சாமானை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று எங்கப்பா மிரட்டுவார். ஒருத்தரும் அப்படிப் போனதில்லை. எல்லாரும் கார்டைத் தேய்த்துவிட்டுப் பையைத் தாங்களே எடுத்துக்கொண்டு போகிற காலம் வந்த பிறகும் நான் அந்தப் பயத்தை விடவில்லை. இது சமாதானம் இல்லை. சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எனக்கே நிற்கவில்லை.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் அளவு எடுக்கப் போனேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பெருங்குடிக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தவிர நான் உன் வீட்டுக்கு வந்ததே இல்லை, போன் செய்யாமலும் வந்ததில்லை. அன்றைக்குத்தான் இரண்டும் நடந்தது. சூடாகப் பக்கோடா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நித்யா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பித் தேவையில்லாத சத்தத்தோடு, "ஏங்க, மாமா வந்திருக்காங்க" என்றாள். நீ காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாய். உனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

விளையாட்டுகூட இல்லை, ஆபீஸ் வேலை. திரை நிறைய ஏதோ வரிகள். அந்தப் பழைய கீபோர்டு கொஞ்சம் வலது பக்கமாகத் தள்ளி இருந்தது. பழைய மவுஸ் இடது பக்கம். அதன்மேல் உன் கை அவ்வளவு லேசாக, அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நீ வலது கையால் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எதிலும் அந்த லேசு கிடையாது, எப்போதும் ஒரு கவனம் இருக்கும். அதை நான் பொறுப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாக இருந்தது. அப்புறம் நீ திரும்பினாய், கையை இழுத்தாய்.

"என்னப்பா, சொல்லாம வந்துட்டீங்க?"

"அடையாறு வரைக்கும் வந்தேன்." நான் வாங்கிக் கொடுத்த கீபோர்டும் மவுஸும் அலமாரியில், வயரைச் சுருட்டிக் கட்டி அழகாக வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். "புது மவுஸ் எப்படி ஓடுது?"

"சூப்பரா ஓடுதுப்பா. தொடச்சு வைக்கலாம்னு இப்பத்தான் கழட்டினேன்."

"ஆமா, தொடைக்கணும். தூசு சேரும்."

பக்கோடாவைத் தின்றோம். டீ குடித்தோம். நீ மடியிலிருந்து அந்தக் கையை வெளியே எடுக்கவேயில்லை. நான்தான் பெரியவன். 'தம்பி, எந்தக் கையால பிடிச்சா என்ன' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ பொய் சொல்ல, அதற்கு நான் தூசு, துடை என்று முட்டுக் கொடுத்தேன். சின்ன வயசில் உனக்குச் செய்ததற்காவது, அறியாமல் செய்தேன் என்று சொல்லலாம். புதன்கிழமை நடந்ததற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. எல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு டீ குடித்தேன்.

நித்யா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். வடபழனிப் பெண், மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று நீ சொல்வாய். அது உண்மைதான். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. ஞாயித்துக்கிழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி அவர் டேபிளை மாத்தி வெக்கிறார். பழசைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு நீங்க வாங்கினதை எடுத்து வலது பக்கம் வெப்பார். நீங்க கெளம்பினதும் திரும்ப மாத்துவார். எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேனேம்மா."

"அது அவருக்குத் தெரியலையே மாமா."

அந்த நம்பர் பக்கத்தையும் அவள்தான் விளக்கினாள். இடது கை மவுஸில் இருந்தால் வலது கைக்கு அந்த ஓரத்துப் பொத்தான்கள்தான் வேண்டுமாம். விளையாட்டில் ஆள் நடப்பது, ஓடுவது, குனிவது எல்லாம் அதில்தான் என்று நீ மாற்றி வைத்திருக்கிறாயாம். நான் பார்த்துப் பார்த்து வாங்கியதில் அந்தப் பக்கமே இல்லை. இதையெல்லாம் எப்போது சொன்னான் என்று கேட்டேன். "கல்யாணம் பேசின புதுசுலயே சொல்லிட்டார். சோத்துக்கை வீட்டுக்கு, இந்தக் கை எனக்குன்னு." சொல்லிவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள். என்னால் முடியவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். நம் மயிலாப்பூர் ஸ்டாப் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவைக் கேட்டேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணிருப்பீங்க? அவன் கையை விட்டுருப்பீங்களா, கம்ப்யூட்டரைத் தூக்கி வீசியிருப்பீங்களா? நீங்களே சொல்லுங்க."

என் கோபம் எனக்குத் தெரியும். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நீ காலேஜ் படிக்கிறபோது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உன் அம்மா, "அப்பா வந்துட்டாங்க" என்று குரல் கொடுப்பாள். உள்ளே நாற்காலி நகரும், மேஜையில் ஏதோ இழுபடும். திருட்டுத்தனமாக விளையாடிவிட்டு மூடி வைக்கிறான் என்று நினைப்பேன். அதற்காக எவ்வளவு கத்தியிருக்கிறேன். விளையாட்டு, விளையாட்டு என்று இரைந்து உன்னை ஒரு வழி பண்ணியிருக்கிறேன். நீயும் ஆமாம்ப்பா, இனிமே குறைச்சுக்கிறேன் என்று திட்டு வாங்கிக்கொள்வாய். நீ கதவைச் சாத்தியது விளையாட்டுக்காக இல்லை. கைக்காக. விளையாடியதற்குத் திட்டு வாங்குவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அப்பன் என்றால் கடிதத்தில் ஏதாவது புத்திமதி சொல்ல வேண்டும். எனக்கு இப்போது சொல்ல யோக்கியதை இருக்கிற ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். யாருக்காவது ஆசையாக எதையாவது வாங்கப் போனால், அவர்கள் ஏற்கனவே வைத்திருக்கும் பழைய பொருள் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார். நான் தேய்ந்ததைப் பார்த்தேன், ஆனால் கணக்கு வேலை என்று நானே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டேன். நித்யாவிடம் அப்படிச் செய்யாதே. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற இடத்தில்தான் கேட்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், இது புத்திமதி இல்லை, வேண்டுதல். யார் எதைக் கொடுத்தாலும் சூப்பர் என்று சொல்லி வாங்கி வைக்கிற பழக்கம் உன்னிடம் இருக்கிறது. கல்யாணச் சட்டையின் கழுத்து இறுக்கியபோதும் சூப்பர் என்றாய், போட்டோவில் பார்த்தால் சிவந்து கிடக்கிறது. அந்தப் பழக்கத்தை உனக்கு நான்தான் கொடுத்தேன். என்னிடமிருந்தே ஆரம்பித்து அதை விட்டுவிடு. பிடிக்கவில்லை என்று சொல். நான் முறைப்பேன், அப்புறம் சரியாகிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ரிச்சி தெருவுக்குப் போனேன். அதே தாடிக்காரர் இருந்தார், என்னை ஞாபகம் வைத்திருந்தார். "இன்னா சார், ரிப்பேரா?" என்றார்.

"ரிப்பேர் இல்ல. தப்பா வாங்கிட்டேன். என் பையன் லெஃப்ட் ஹேண்டு."

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண் வயர் நீளம் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள், இன்னொருவர் அவர்பாட்டுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தார். உன் விஷயத்தில் இந்த ஒரு வாக்கியத்தை நான் இதற்கு முன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னால் என்னவோ ஆகிவிடும் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அது இன்னும் அவமானமாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா உன் கையை மூடித் தைத்தேன்?

அவர் இரண்டு மூன்று காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற மவுஸ் ஒன்று, எந்தக் கைக்கும் ஆகுமாம். இடது கைக்கென்றே குழிவை மாற்றிச் செய்ததும் ஒன்று உண்டாம், சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருகிறேன் என்றார். "நீங்களே கைய வெச்சிப் பாருங்க சார்" என்று ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். நான் என் இடது கையை வைத்தேன். அந்த அம்புக்குறியை ஒரு மூலையில் இருக்கிற பெட்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அது எங்கெங்கோ போனது. விரல் அமுக்க வேண்டிய இடத்தில் அமுக்கவில்லை. மணிக்கட்டு விறைத்துக்கொண்டது. பின்னால் நிற்கிறவர்கள் பார்க்கிறார்களோ என்று கழுத்து வேர்த்தது. கொஞ்ச நேரம்தான், எழுந்துவிட்டேன். என்னை எழுந்து போக விட்டார்கள், தம்பி. உன்னை நான் விடவில்லை.

நான் எதையும் வாங்கவில்லை. ஒரு தடவை உன்னைக் கேட்காமல் வாங்கியது போதும். நீ ஒரு நாள் அந்தக் கடைக்குப் போய், உன் கையால் பிடித்துப் பார்த்து, உனக்குப் பிடித்ததை எடு. நம்பர் பக்கம் இருக்கிற கீபோர்டாக எடு. அது டக் டக் என்று கத்தினாலும் சரி, நித்யாவும் நீயும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கூட வரச் சொன்னால் வருவேன், ஓரமாக நிற்பேன். வர வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை. நான் கொடுத்ததை யாருக்காவது கொடுத்துவிடு. அலமாரியில் வைத்து எனக்காகத் துடைக்காதே.

கடைசியாக ஒரு உண்மை. நான் திருந்திவிட்டேன் என்று எழுதி முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அது இன்னொரு பொய். நேற்று கடையில் ஒரு வாடிக்கையாளர் இடது கையால் பணத்தை நீட்டினார். என் முகம் தானாகச் சுருங்கியது. அவர் கவனித்துவிட்டுக் கையை மாற்றிக்கொண்டார். இவ்வளவும் தெரிந்த பிறகும் அப்படித்தான் இருக்கிறேன். இந்த வயசில் இது என்னை விட்டுப் போகுமா என்று தெரியவில்லை. போன ஞாயிறு உன் முகத்தைப் பார்க்கக் கூசி, கடையைச் சாக்குச் சொல்லி வராமல் இருந்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் அறை வாசலில் நிற்கும்போதும் என் முகம் அப்படிச் சுருங்கலாம். அதை நீ பார்ப்பாய். பார்த்தாலும் மவுஸிலிருந்து கையை எடுக்காதே. முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா